கால் கணக்கு

1

இந்தக் கதை ஒரு கேலியிலிருந்து பிறந்தது. கேலி செய்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அழகாக ஒளித்துவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

என் பெயர் ரெனால்ட். சத்துவாச்சாரியில் வீடு, காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். 2001இல் ‘கட்டம்’ என்றொரு இலவச மென்பொருள் எழுதி இணையத்தில் திறந்து வைத்தேன். எண்களைப் போட்டால் கூட்டித் தரும், அவ்வளவுதான். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தி எனக்கு அனுப்பலாம். ஏற்பதா தள்ளுவதா என்று நான் சொல்வேன். அதுவும் நூற்றெண்பது பேர் படிக்கும் மின்னஞ்சல் குழுவில், எல்லோர் முன்னாலும். ஏற்றதைவிடத் தள்ளியது ஜாஸ்தி. தள்ளும்போது கொஞ்சம் நக்கலும் சேர்ப்பேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, நான் பிடித்த குடை அது.

2

தொடக்கங்கள்:

‘2003 ஜூலையில், பாலாற்றில் தண்ணீர் ஓடிய ஒரு காலையில்’ (வேண்டாம். பாலாற்றில் தண்ணீர் என்றதுமே வேலூர்க்காரர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.)

‘ஆம்பூரில் இறங்கியதும் தோல் வாடை’ (வேண்டாம். ஆம்பூரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் மூக்கிலிருந்தே தொடங்குகிறார்கள்.)

‘வாஹித் பாஷா நல்லவர்’ (உண்மைதான். ஆனால் அப்போது எனக்கு அவரைத் தெரியாதே.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். வாஹித் பாஷா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அந்த ஜூலையில் பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு திருத்தம் அனுப்பினார். நாற்பது வரி. அதன்படி 12.3ஐயும் 4.2ஐயும் கூட்டினால் 17.1 வரும். மேலே சின்ன விளக்கம், அந்தக் காலத்து வழக்கப்படி ஆங்கில எழுத்தில் தமிழ்: கால் கணக்கு சேர்த்திருக்கிறேன், அவசரம், சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ‘கால்’ என்பதற்கு இரண்டு ‘ஏ’ போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போட்டிருந்தார். அதைக் கல் என்றும் படிக்கலாம், கள் என்றும் படிக்கலாம்.

நான் கள் என்று படித்தேன். [பொய். கல் என்றுதான் படித்தேன். கள் என்று வைத்தால் சிரிப்பு வரும் என்று தோன்றியது.]

குழுவில் இப்படிப் பதில் போட்டேன்: ‘பன்னிரண்டு புள்ளி மூன்றும் நான்கு புள்ளி இரண்டும் பதினாறு புள்ளி ஐந்து. கள் குடித்துவிட்டுப் போட்ட கணக்கை ஏற்பதற்கில்லை. ஐந்தாம் வகுப்புக்கு ஒருமுறை போய் வரவும்.’

பதினோரு பேர் சிரித்து எழுதினார்கள்.

3

இரண்டு வருஷம் கழித்து, மாணவர்களுக்கு வேலை கேட்டு ஆம்பூரில் அதே தொழிற்சாலைக்குப் போனேன். அளவுப் பிரிவில் தோல்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு எண். ஒன்றில் 12, அதன் தோளில் பொடியாக ஒரு 3.

“இது இன்னாங்க, மேல ஒரு மூணு?” என்று மேஸ்திரி கோபியைக் கேட்டேன்.

“பன்னெண்டே முக்கா அடி சார். மேல போட்றது கால். மூணு கால்னா முக்கா. தோல் லைன்ல எல்லாரும் இப்டித்தான் எழுதுவோம்.”

பன்னிரண்டே முக்காலும் நாலரையும் பதினேழே கால். 17.1. வாஹித் பாஷா எங்கே என்றேன்.

“போய்ட்டாரு சார். செண்பகம்மா விஷயத்துல பேஜாராயி அவரே நின்னுட்டாரு.”

செண்பகம் பத்தொன்பது வருஷம் அங்கே தோல் அளந்து சீட்டு எழுதியவர். கம்ப்யூட்டர் வந்ததும், அவர் எழுதிய சின்ன மூன்றை என் ‘கட்டத்தில்’ புள்ளி மூன்றாக அடித்தார்கள். சீட்டில் இருந்த கூட்டலைவிடக் கம்ப்யூட்டரின் கூட்டல் குறைந்தது. தோலைப் பற்றி ஒன்றும் தெரியாத புது மேனேஜர், மீதித் தோல் எங்கே என்று செண்பகத்தைக் கேட்டார். வாஹித் பாஷா எடுத்துச் சொல்லியும் நம்பவில்லை. அந்த புரோகிராம் எழுதியவன் சொல்லட்டும் என்றார்.

“அந்த ஆளு பதில் போட்டாரு சார். யாருன்னு தெரியல. மேனேஜரு அத பிரிண்ட் எடுத்து எல்லார் முன்னாடியும் படிச்சாரு. மறுநாளு அந்தம்மாவ நிறுத்திட்டாங்க.”

“அப்புறமாச்சும் புரிஞ்சுதா?”

“ஆறு மாசம் கழிச்சு புரிஞ்சுது. வேற புரோகிராம் வாங்கிட்டாங்க.”

“அந்தம்மாவ?”

“திரும்ப யாரு சார் கூப்புடுவாங்க.”

அந்த ஆள் நான்தான் என்று சொல்லவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

4

வீட்டுக்கு வந்ததும் வாஹித் பாஷாவின் திருத்தத்தை ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றேன். அதற்குள் ‘கட்டம்’ பயன்படுத்த ஆளே இல்லை. பிறகு இந்தக் கதையைத் தொடங்கினேன். செண்பகத்தை நான் பார்த்ததில்லை என்பதால் கைக்கு வந்ததை எழுதினேன்:

‘முந்தானையால் வாயைப் பொத்தி அழுதபடி செண்பகம் கேட்டைத் தாண்டி’

மூன்று முடிவுகளும் தயார். ஒன்றில் மேனேஜர் மன்னிப்புக் கேட்கிறார். இன்னொன்றில் செண்பகத்துக்கு வேறு கம்பெனியில் வேலை. மூன்றாவதில் நான் போய் அவர் காலில் விழுகிறேன். அதை எழுதிவிட்டு நானே கண்கலங்கினேன். தூ.

எல்லாவற்றையும் வாஹித் பாஷாவின் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பி, திருத்தித் தரச் சொன்னேன். திருப்பத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கிறாராம். பத்து நாளில் பதில் வந்தது:

“சார், செண்பகம்மா அழல. அத எடுத்துடுங்க. கேட்டாண்ட நின்னு என்னைக் கூப்ட்டாங்க. ‘தம்பி, நான் போட்ட கணக்கு சரியா தப்பா, அத மட்டும் சொல்லச் சொல்லு’ன்னாங்க. சரிதாம்மான்னேன். ‘நீ நம்ம ஆளு, நீ சொன்னா ஆச்சா? அந்த கம்ப்யூட்டர் ஆளு சொல்லட்டும்’னாங்க. இப்ப போனாலும் அதையேதான் கேக்கறாங்க. காது கேக்கறது கம்மியாயிடுச்சு, போன்ல பேச முடியாது. ஆம்பூராண்ட பெரியாங்குப்பம், வாட்டர் டேங்க் பின்னாடி மூணாவது வீடு. மூணு முடிவும் வேணாம் சார். நேர்ல போங்க.”

5

அது பிப்ரவரி. இது செப்டம்பர், 2006.

சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூருக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இந்த ஏழு மாதத்தில் கதையை ஒன்பது முறை திருத்தியிருக்கிறேன். (ஒருமுறை ஆம்பூர் வரை போனேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.)

கணக்கு சரி என்று சொல்வது கஷ்டமில்லை. சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: அப்புறம் ஏன் அன்னைக்கு அப்டி எழுதுன? சிரிப்பு வரும் என்று நினைத்தேன் என்பதுதான் பதில். காது கேட்காத அந்த அம்மாவிடம் அதைத் தெருவே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டும். என்னால் முடியாது. முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். இதை உத்தி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், கோழைத்தனம். அந்தப் பக்கம் போனால் பெரியாங்குப்பத்தில் இறங்குங்கள். அவர் காதருகே குனிந்து, நீங்க போட்டது சரிதாம்மா என்று உரக்கச் சொல்லுங்கள். நீ யாரு என்று கேட்பார்.

கம்ப்யூட்டர் ஆள் என்று சொல்லிவிடுங்கள்.