ஐம்பதாவது வீடு

வெளிநாடு ஒன்று இந்த ஊரில் நடத்தும் நட்பு மன்றத்தில் டீச்சருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். மாடியில் இரண்டு வகுப்பறை, கீழே ஒரு நூலகம், வாசலில் அந்த நாட்டு மலைகளின் பெரிய படம். மலைகளை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எந்த மலையில் எந்த மாதம் பனி உருகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். இந்த ஊரில் நாலாயிரம் பேருக்கு அந்த நாட்டு மொழியைச் சொல்லிக் கொடுத்தவள். 'நட்பு டீச்சர்' என்றுதான் தெருவில் பெயர். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

டீச்சரின் மகளுக்கு அந்த நாட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அவளுடைய கட்டுரையைப் படித்துவிட்டு அங்கிருந்த பேராசிரியரே வலிய எழுதிக் கூப்பிட்டார். மூன்று வாரத்தில் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் இன்னொருவருக்கு. விசாவைப் பற்றி யாருக்கும் கவலையே இல்லை. நட்பு டீச்சர் பெண்ணுக்கே கொடுக்கவில்லையென்றால் வேறு யாருக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று கீழ்வீட்டுத் தையல்காரர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விசா கொடுக்க இந்த வருடத்திலிருந்து மனிதர்கள் கிடையாது. போனில் விண்ணப்பித்தால் போதும், இயந்திரம் படித்துப் பார்த்துப் பதில் போட்டுவிடும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதிகாரியையாவது திட்டலாம். இதை யார் திட்டுவது? மகளுக்கு ஒன்பதே நிமிடத்தில் பதில் வந்தது. டீச்சர் அப்போது அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மறுத்துட்டாங்கம்மா.”

கடிதத்தை மகள் நின்ற இடத்திலேயே படித்துக் காட்டினாள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. வருந்துகிறோம், இரு நாட்டு நட்பு தொடரட்டும் என்றெல்லாம் இருந்தது. காரணம் கடைசியில். விண்ணப்பதாரர் குடியிருக்கும் பகுதியில் எங்கள் நாட்டின்மேல் பத்தொன்பது ஆண்டுகளாகப் பகைமை பதிவாகி வருகிறது. சான்றாக ஒரு கள அறிக்கை. கதவு எண் பதினான்கு, இரண்டாவது மாடியில் ஒரு குடும்பத்தார் சொன்னதாக அதில் இப்படி இருந்தது: 'அவர்கள் சிரிப்பை நாங்கள் நம்பவில்லை. பிள்ளைக்கு அவர்கள் மொழியைக் கற்றுக்கொடுப்பதே, நம் முதுகுக்குப் பின்னால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.'

“பதினாலு, ரெண்டாவது மாடின்னா நம்ம வீடும்மா. நம்ம வீட்ல யாரு இப்படிச் சொன்னது?”

டீச்சர் குழாயை மூடவில்லை, தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாராவது வீடு மாற்றி எழுதியிருப்பார்கள், நாளைக்கே இயக்குநரைப் பார்த்துச் சரி பண்ணுகிறேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். வீடு மாறவில்லை. அந்த வாசகத்தை எழுதியது அவள்தான்.

எழுத வைத்தது மன்றத்தின் பழக்கம். வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது வீடுகளுக்குப் போய், எங்கள் நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பத்துக் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டு அனுப்ப வேண்டும். ஐந்து என்றால் உயிர். ஒன்று என்றால் எரிச்சல். முதல் மூன்று வருடம் டீச்சர் வெயிலில் அலைந்து, ஜனங்கள் சொன்னதை அப்படியே எழுதினாள். பெரும்பாலும் நாலும் ஐந்தும். தலைமையகத்துக்கு ஒரே சந்தோஷம். அங்கேதான் நட்பு வேரூன்றிவிட்டதே, இனி மன்றம் எதற்கு, மூடிவிட்டு வேறு ஊருக்குப் போகலாம் என்று கடிதம் போட்டார்கள். அப்போதிருந்த இயக்குநர் நெட்டையான மனிதர், விவரமானவர். நோயாளி குணமாகிவிட்டால் டாக்டருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டுச் சிரித்தார். அந்த வருடம் நாலெல்லாம் இரண்டானது. மன்றம் பிழைத்தது.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. இயக்குநர்கள் மூன்று வருடத்துக்கு ஒருவராக வந்தார்கள், போனார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டீச்சரும் அலைச்சலை விட்டுவிட்டாள். கதவு எண்கள் எல்லாம் மனப்பாடம் என்பதால் தன் தெருவையே எடுத்துக்கொண்டு, மேஜையில் உட்கார்ந்தபடி ஐம்பது வீட்டின் வெறுப்பையும் தானே எழுதினாள். குறிப்பு என்று ஒரு இடம் இருக்கும். அதில் அவளுக்குக் கை நன்றாக வந்தது. தன் வீட்டை விட்டால் தெருவில் நாற்பத்தொன்பது வீடுதான். ஐம்பதுக்கு ஒன்று குறைந்தது, தன் வீட்டையும் சேர்த்துக்கொண்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான், ஆனால் அன்றைக்கு அது வெறும் படிவமாகத்தான் தெரிந்தது. காகிதத்தை எல்லாம் ஒருநாள் ஒரு இயந்திரம் ஒன்றுவிடாமல் படிக்கும் என்று யார் கண்டது?

மறுநாள் காலையில் இயக்குநர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். இப்போதிருப்பவள் சின்ன வயசுக்காரி, நல்லவள். பொறுமையாகக் கேட்டாள், தண்ணீர் கொடுத்தாள், கண்கூடக் கலங்கினாள். டீச்சருக்கு அதைப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க சொல்றத நான் மேல எழுதினா, இந்த மன்றம் பத்தொன்பது வருஷமா பொய்யிலதான் நடந்துச்சுன்னு எழுதணும். அடுத்த வாரமே இங்க பூட்டுதான். உங்க பொண்ணு ஒருத்திக்காக நான் அதச் செய்யணுமா, நீங்களே சொல்லுங்க.”

டீச்சருடைய அறிக்கைகளைத் தலைமையகத்தில் புது ஊழியர்களுக்கு மாதிரியாகக் காட்டுகிறார்கள் என்பதையும் ஆறுதலுக்குச் சொல்லிவைத்தாள். கிளம்பும்போது மன்றத்தின் புது நாள்காட்டி ஒன்றைக் கையில் கொடுத்தாள். டீச்சர் அதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

பிறகு தானே எழுதினாள். விசாவுக்கு மேல்முறையீடு செய்ய ஒரு இடம் இருந்தது. அறிக்கைகள் பொய், எழுதியது நான், என் தெருவில் யாருக்கும் உங்கள்மேல் பகை கிடையாது, தண்டனை எனக்குத்தான், என் மகளை விட்டுவிடுங்கள் என்று அந்த நாட்டு மொழியில், ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் அனுப்பினாள். போகட்டும், சனியன்.

நாலு நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டு பேருடைய கூற்றை ஒப்பிட்டுப் பார்த்தோம் என்று எழுதியிருந்தது. ஒருவர், இந்த விண்ணப்பத்தில் எந்த ஆதாயமும் இல்லாமல் பத்தொன்பது ஆண்டுகள் நேர்மையாக உழைத்த கள ஊழியர். மற்றவர், விண்ணப்பதாரரின் தாய். முதலாமவரை நம்புகிறோம். டீச்சர் இரண்டு தடவை படித்தாள். அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்தது, அசிங்கமான சிரிப்பு. வேலைக்கும் ஒரு ஆபத்தும் வரவில்லை. அவளை நம்பினால்தானே வேலை போகும்!

மூன்று வாரம் ஓடிப்போனது. பேராசிரியர் வருத்தம் தெரிவித்து இரண்டு வரி எழுதினார். இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. மகள் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவளுக்கு மட்டும் என்றில்லை, அந்த வருடம் தெருவிலிருந்து விண்ணப்பித்த ஏழு பேருக்கும் அதே பதில்தான். தையல்காரருடைய அண்ணன் மகனுக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகி இருந்தது. அதுவும் போயிற்று.

மழைக்காலம் முடிந்ததும் மறுபடி படிவம் வந்தது. இந்தத் தடவை டீச்சர் மேஜையில் உட்கார்ந்து எழுதவில்லை. நிஜமாகவே வீடு வீடாக ஏறி இறங்கினாள். பழைய நாலும் ஐந்தும் எங்காவது மிச்சம் இருக்கும், அதை வைத்து அடுத்த வருடமாவது மகள் போகலாம் என்று ஒரு நப்பாசை. தையல்காரர் அவளை உட்காரச் சொல்லவில்லை. எல்லாக் கேள்விக்கும் ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார்.

“சிரிச்சுச் சிரிச்சுப் பேசி நம்ம பிள்ளைங்கள ஆசை காட்டுறாங்க. கிட்டப் போனா கதவச் சாத்துறாங்க. இதையும் எழுதிக்கோங்க டீச்சர்.”

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் பெயரில் டீச்சர் கற்பனையாக எழுதிய குறிப்பில் ஏறக்குறைய இதேதான் இருந்தது. நாற்பத்தொன்பது வீட்டிலும் இப்படித்தான். கை வலிக்க எழுதினாள். ஒரு வார்த்தைகூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்து, மகளுக்கு எதிரே உட்கார்ந்து படிவத்தை மேஜைமேல் வைத்தாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நெட்டை இயக்குநரில் தொடங்கி மேல்முறையீடு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“மன்றத்த மூடிரக் கூடாதுன்னுதான் எழுதினேன். உன்ன அங்கதானம்மா வளத்தேன்.”

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது. மகள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கேள்விகளை நிதானமாகப் படித்து, பத்துக்கும் ஒன்று போட்டாள்.

“நீ எழுதினது பொய் இல்லம்மா. கொஞ்சம் சீக்கிரமா எழுதிட்ட, அவ்வளவுதான்.”

டீச்சர் அதை வாங்கி மற்ற நாற்பத்தொன்பதோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். காலையில் மன்றத்துக்குப் போய் அனுப்ப வேண்டும்.