நாலாம் மேசை மிதப்பு

ஐஸ் தொழிற்சாலை இரவு வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா கிடந்த என்னை இந்த வேலையில் இழுத்துவிட்டவள் தங்கச்சி டினோஜா. கனடாவிலிருந்து வந்திருந்த வசந்தமலர், மகளின் பிறந்தநாளுக்கு உப்புக்குளத்தில் மண்டபம் எடுத்திருந்தார். எல்லோரும் கடற்கொள்ளையர் வேடத்தில் வரவேண்டுமாம். பன்னிரண்டு மேசைகளுக்கும் நடுவில் வைக்க அலங்காரம் வேண்டும். கையால் செய்ததாக, செலவு குறைந்ததாக.

செலவில்லாதது கரையில் கிடந்தது. வலைகளிலிருந்து அறுந்து தாழ்வுபாட்டுக் கரையில் ஒதுங்கிய மிதப்புக் கட்டைகளைச் சாக்கில் பொறுக்கி வந்தேன். டினோஜா ஜாம் போத்தலுக்குள் மணலையும் மெழுகுதிரியையும் வைத்து, சுற்றிக் கிழிந்த வலைத்துண்டு கட்டினாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மிதப்பு. அதற்குத் தங்கநிறம் அடிப்பது என் வேலை.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வள்ளக்காரனும் தன் மிதப்பில் கத்தியால் ஓர் அடையாளம் வெட்டுவான். ஒதுங்கியதை எடுப்பவன் பாசியைச் சுரண்டி அதைப் பார்க்கவேண்டும். இருந்தால் அந்தோனியார் சொரூபத்தடியில் வைத்துவிடவேண்டும். உரியவர்கள் வந்து எடுப்பார்கள். இது கரையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பார்க்காமல் அடித்தேன். சோம்பல், வேறொன்றுமில்லை.

விருந்தன்று பின்னேரம் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அருள்நாயகி அக்கா. அவருடைய புருஷன் லோறன்ஸ் அண்ணன் கார்த்திகையில் தனியே கடலுக்குப் போனவர். வள்ளமும் வரவில்லை, ஆளும் வரவில்லை, ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. ஏழு மாதமாக அக்கா ஒவ்வொரு காலையும் சொரூபத்தடியைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருகிறார்.

நாலாம் மேசையில் அவருடைய கை நின்றது. மிதப்பை எடுத்துப் பெருவிரலால் தடவினார். இரண்டாம் தரமும் தடவினார்.

"றோய், இது எங்கை எடுத்தனி?"

"கரையிலை, அக்கா."

"மூண்டு வெட்டு இருக்கு. அவர் வெட்டினது."

அக்கா அதை வசந்தமலரிடம் கொண்டுபோனார்.

"அம்மா, இது என்ரை மனுசன்ரை. நான் கொண்டுபோகட்டோ?"

வசந்தமலர் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியைச் சரிசெய்தார். "நாளைக்குக் காலமை வந்து எடுங்கோவன். இப்ப எடுத்தால் அந்த மேசை மொட்டையாய்க் கிடக்கும். படம் எடுக்கிற ஆளும் வந்திட்டார்."

"ஏழு மாசமாய்த் தேடுறன், அம்மா."

"ஏழு மாசம் பொறுத்தனீங்கள், ஒரு ராத்திரி பொறுக்கேலாதோ?"

வசந்தமலரின் அண்ணன் மகன் பிரசாந்தன் ஒற்றைக் கண்ணை மறைத்து, மட்டைவாளோடு நின்றான். "கொள்ளைக்காரரிட்டை வந்து பொருளைத் திருப்பிக் கேக்கிறாவே, அன்ரி," என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கடலில் ஆளைப் பறிகொடுத்தவள் எதிரே நிற்க, கடலை வேடமாகக் கட்டிக்கொண்டு நின்ற அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். ஆனால் அந்த அடையாளத்தை மூடித் தங்கம் பூசியவன் நான். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் என்னைப் பேசவைத்தது.

"அக்கா, கொண்டுபோங்கோ. ஆர் மறிக்கினம் எண்டு பாப்பம்."

"தம்பி, உமக்குச் சொன்ன வேலையை மட்டும் பாரும்," என்றார் வசந்தமலர்.

"வேலையைப் பிழையாய்ச் செய்திட்டன். அதைத்தான் திருத்துறன்."

அக்கா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நேரே கேக் மேசைக்குப் போனார். ரிபன் கட்டியிருந்த கத்தியை எடுத்து, அங்கேயே நின்று மிதப்பைச் சுரண்டினார். தங்கத்தூள் வெள்ளை விரிப்பில் கொட்டியது. ஒருவரும் கிட்டப் போகவில்லை. தங்கத்துக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்கு நடுவே மூன்று வெட்டு.

"பச்சை நான் அடிச்சனான்," என்றார் அக்கா. "தூரத்திலை வடிவாய்த் தெரியுமெண்டு."

அழவில்லை. மிதப்பைச் சேலைத்தலைப்பில் சுற்றி இடுப்போடு அணைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கத்தியை என் கையில் வைத்தார்.

"மற்றப் பதினொண்டையும் பாத்தனியோ?"

"இல்லை, அக்கா."

"பார்."

படப்பிடிப்பாளர் காத்திருந்தார். வசந்தமலர் யாரையோ கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பச் சொன்னார். நான் முதலாம் மேசைக்குப் போய், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுரண்டத் தொடங்கினேன்.