விடாப்பிடி

கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் துரைப்பாண்டி ஒரு கூலிக்காரனின் கையை வெட்டியதை இளையரசனேந்தலுக்குப் பக்கத்தில் ஓர் ஊரே கூடி நின்று பார்த்தது. போலீஸ் வந்து கேட்டபோது ஊருக்கே கண் தெரியாமல் போய்விட்டது. ஆடு மேய்க்கும் மாடத்தி மட்டும், "நான் பார்த்தேன்" என்றாள்.

அவளைச் சங்கரன்கோவில் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை அவள் தம்பி பிச்சையாவும், அவன் கூட்டாளி சங்கரபாண்டியும் ஏற்றுக்கொண்டார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் புதிதாகத் தொடங்கிய கராத்தே வகுப்பில் சேர்ந்தவர்கள் இருவரும். சங்கரபாண்டிக்கு உதைக்க வராது. சத்தம் போட மட்டும் நன்றாக வரும். அது அவனுக்கே தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் துரைப்பாண்டியின் ஆட்கள் நான்கு பேர் மறித்தார்கள்.

"ஏட்டி, அடுத்த பஸ்ஸுல ஊருக்குப் போயிரு."

"அதைச் சொல்ல நீ யாரு வே?" என்றாள் மாடத்தி.

சங்கரபாண்டி அலறிக்கொண்டு குதித்தான். கால் எதிரி மேல் படவில்லை; பழக்கடைத் தட்டில் பட்டது. எலுமிச்சம்பழங்கள் உருண்டன. பிச்சையா ஓங்கி வீசிய கை சங்கரபாண்டியின் மூக்கில் இறங்கியது.

"ஏலே, நான் நம்ம ஆளுலே!"

பிறகு அடி மழையாக விழுந்தது. கண் வீங்கிக் கீழே கிடந்த சங்கரபாண்டிக்குக் கற்றதெல்லாம் மறந்து கோபம் மட்டும் மிஞ்சியது. அருகில் நின்ற ஒருவன் காலைக் கட்டிப்பிடித்தான்.

"கொன்னாலும் விடமாட்டேன்! அக்கா, நீ நட!"

பிச்சையா இன்னொருவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். மற்ற இருவரும் எலுமிச்சம்பழத்தில் வழுக்கி விழுந்தார்கள். மாடத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடாமல் நடந்தாள். கண்டக்டர்கள் வந்து விலக்கியபின் நண்பர்களும் நொண்டிக்கொண்டே பின்னால் போனார்கள்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அவர்களைக் காட்டி, "இந்த ரவுடிகள் மிரட்டித்தானே உன்னைக் கூட்டி வந்தார்கள்?" என்றார்.

மாடத்தி திரும்பிப் பார்த்தாள். "அவனுகளா? அவனுகளுக்கு ஒரு கோழியைக்கூட விரட்டத் தெரியாது. பார்த்ததைச் சொல்ல நானாத்தான் வந்தேன்."

சங்கரபாண்டிக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, சிரித்தால் உதடு வலித்தது.

சாயங்காலம் அந்த நால்வரும் டீக்கடையில் நின்றார்கள். சங்கரபாண்டி ஒற்றைக் கண்ணால் அவர்களை நேராகப் பார்த்தான்.

"அடுத்த வாய்தாவுக்கும் இதே பஸ்ஸுலதான் வாரோம் வே."

சொன்னபடியே வந்தார்கள். அன்றைக்கு அவர்களோடு ஊர்க்காரர்கள் மூன்று பேர், "நாங்களும் பார்த்தோம்" என்று சொல்லப் பஸ் ஏறினார்கள். துரைப்பாண்டி ஜெயிலுக்குப் போனது அதற்கப்புறம்தான்.