நீலக் கோட்டுக்கு மேலே ஒரு டார்ட் போர்டு

முடிச்சூரில் உமேஷின் வீட்டுச் சுவர்களில், எல்லா அறைகளிலும் ஒரே மட்டத்தில் ஒரு நீலக் கோடு ஓடுகிறது. 2015 வெள்ளம் நின்ற உயரம் அது. தண்ணீர் வடிந்த கையோடு அவன் மனைவி ரமா பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்று போட்ட கோடு. அதற்குக் கீழே கரண்ட் சம்பந்தப்பட்ட எதுவும் இருக்கக் கூடாது என்பது அவள் சட்டம். கோடு உமேஷின் உச்சந்தலையைத் தாண்டிப் போவதால், ஃபேன் போட ஒரு கம்பு உண்டு. சட்னி அரைக்க ஸ்டூலில் ஏற வேண்டும். அந்த வீட்டில் யாருக்கும் இது விசித்திரமாகப் படுவதில்லை.

காலியாகக் கிடந்த ஓர் அறையை விளையாட்டு அறை ஆக்கிவிட வேண்டும் என்று உமேஷுக்கு வெகுநாள் ஆசை. அந்த நேரம் பார்த்து அஸ்தினாபுரத்தில் ரமாவின் அக்கா வீட்டை இடித்துக் கட்ட முடிவாயிற்று; அதுவரை அவர்கள் சாமானை வைக்க இடம் வேண்டும். ரமா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டு மாமா லாரியோட வர்றப்ப அங்க நிஜமாவே ஆட்டம் நடந்துட்டிருந்தா ரூம் உங்களுது. இல்லைன்னா அவங்க சாமான் ஏறும்."

உமேஷ் ப்ளைவுட் வாங்கினான். தச்சர் ஐசக்கைக் கூட வைத்துக்கொண்டு, இரட்டைக் கதவு போட்ட அலமாரி ஒன்று செய்தான். கதவின் உள்பக்கம் ஸ்கோர் எழுதக் கறுப்புப் பெயிண்ட். நடுவில் ஊசி எறிந்து ஆடும் டார்ட் போர்டு. நிழல் விழாதபடி அதைச் சுற்றி எல்இடி பட்டை. கண் மட்டத்தில் மாட்டி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டதும் அவனே மெய்மறந்து போனான்.

"இதுல வயர் இருக்கா?" என்றாள் பின்னால் வந்து நின்ற ரமா.

"சின்ன லைட்டு, ரமா."

"சின்னது பெருசுன்னு தண்ணி பார்க்குமா?"

ஐசக் சமாதானத்துக்கு வந்தார். "லைட்ட கழட்டி கடாசிட்டு போர்ட மட்டும் மாட்டு சார். பேஜார் வுட்டுது."

"லைட் இல்லேன்னா அது செருப்பு அலமாரி, ஐசக்."

அலமாரி கோட்டுக்கு மேலே ஏறியது. உமேஷ் அண்ணாந்து எறிந்தான். ஊசி போர்டில் பட்டு, திரும்பி வந்து அவன் காலருகே விழுந்தது.

"இது ஆட்டமா சார், மாங்கா அடிக்கிறதா?"

போர்டு இறங்காது என்றால் தரைதான் ஏறியாக வேண்டும் என்று முடிவு செய்தான் உமேஷ்.

"இத்தூண்டு லைட்டுக்கோசரம் தரையையே தூக்கணுங்கிற," என்றார் ஐசக். "சரி, தூக்கிடலாம்."

சுவருக்குச் சுவர் முழங்கால் உயரத்துக்கு மேடை எழும்பியது. எறியக் கையை ஓங்கினால் ஃபேன் இறக்கை இடித்தது, ஃபேனைக் கழற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்து நின்றபோது, உமேஷும் ஐசக்கும் மேடை மேல் வேர்த்து ஒழுக ஆடிக்கொண்டிருந்தார்கள். ரமா எட்டிப் பார்த்தாள். சொன்ன சொல் மாறாதவள்.

"ஆடறீங்க. ரூம் உங்களுதுதான்."

அவளுக்குப் பின்னால் வந்த அக்கா கணவர் சத்யநாராயணன் மேடையைக் கையால் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். பிறகு மெல்ல மல்லாந்து படுத்தார்.

"முதுகுக்கு என்னமா இருக்கு, சகலை. எங்களுக்குப் பார்த்த வாடகை வீடு மூணாவது மாடி. என் முட்டி தாங்காது. சாமானை ஊரப்பாக்கத்துல ஒரு குடோன்ல போட்டுடறேன். நாங்க இங்கயே இருந்துக்கறோம்."

உமேஷ் ரமாவைப் பார்த்தான். "ரூம் என்னுதுன்னு இப்பதானே சொன்னே?"

"சாமான் ஏறாதுன்னுதான் சொன்னேன். மாமா சாமானா?"

ஆமாம் என்று எந்த மாப்பிள்ளையால் சொல்ல முடியும்? லாரி ஊரப்பாக்கத்துக்குத் திரும்பியது. போர்டுக்கும் எறியும் இடத்துக்கும் நடுவே பாய் விரிந்தது. சத்யநாராயணன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"நீங்க பாட்டுக்கு ஆடுங்க. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

உமேஷ் வெகுநேரம் குறி பார்த்து, போர்வைக்கு மேலாக ஊசியை எறிந்தான்.

"எவ்ளோ?" என்றது போர்வை.

"இருபது."

"பரவால்ல. அடுத்தது போடுங்க."