சவூதி நேரக் கடிகாரம்

தோவாளைக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டியிருந்த லீலாபாயின் வீட்டில் இரண்டு கடிகாரங்கள் ஓடின. அடுக்களையில் தொங்கியது நம்மூர் நேரம் காட்டும். முன்னறையில் தொங்கியது சவூதி நேரம் காட்டும். கல்யாணமான வருஷமே விமானம் ஏறிய தேவகுமார் முதல் விடுமுறையில் கொண்டுவந்தது அது. பெட்டியைப் பிரித்தபோது காட்டிய நேரத்தை லீலாபாய் மாற்றவேயில்லை. அவர் எப்போது எழும்புவார், எப்போது சாப்பிடுவார் என்று அதைப் பார்த்துத்தான் போன் போடுவாள்.

"சாப்பிட்டியளா?"

"ஆச்சு."

பெரும்பாலான நாட்களில் அவ்வளவுதான் குடும்பம் நடத்தியது.

இப்போது அவர் சவூதியை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். அது கடிகாரத்துக்குத் தெரியவில்லை. லீலாபாயின் கைக்கும் தெரியவில்லை. முன்னறைக் கடிகாரத்தில் சாப்பாட்டு நேரம் ஆனதும் கை தானாகப் போனைத் தட்டும். முற்றத்தில் பல்குத்திக்கொண்டு நிற்கும் தேவகுமாரின் சட்டைப்பையில் மணி அடிக்கும். அவரும் எடுத்து மரியாதையாக, "ஆச்சு" என்பார். அவள் விளம்பிய சோற்றைத்தான் சாப்பிட்டிருப்பார்.

"ரெண்டு பேரும் லூசாயிட்டியளா?" என்று மகள் ஜெஸ்பின் தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்கு லேப்டாப்பில் வேலை. உட்கார இடமும் நெட்டும் இருந்தால் போதும், எந்த ஊர் என்றாலும் ஊர்தான்.

இப்படி இருக்கையில், ஆனி மாதம் ஒருநாள் தேவகுமார் முட்டத்திலிருந்து பழைய வேன் ஒன்றை ஓட்டிவந்து முற்றத்தில் நிறுத்தினார். கடலிலிருந்து வந்த மீனை ஏற்றி ஏற்றிப் பழகிய வேன். உள்ளே கட்டில் அடித்திருந்தார், அடுப்பு வைத்திருந்தார், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை போட்டிருந்தார். வாசம் மட்டும் போகவில்லை. பின்னாலேயே முட்டத்துப் பூனைகள் ஒரு பட்டாளமாக நடந்து வந்து சேர்ந்தன.

"லீலா, எல்லாத்தையும் விட்டுட்டுக் கெளம்புவோம். கிரேன்ல உக்காந்து ஆயுசு பூரா சாமானைத் தூக்கியாச்சு. இனி ஒண்ணையும் தூக்காம ஊர் ஊராப் போணும்."

"எங்க?"

"வடக்க. ரோடு தீரும் வரைக்கும்."

"ரோடு தீந்தா?"

"திரும்பி வேற ரோட்டைப் பிடிப்போம்."

லீலாபாய் முன்னறையைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜ், மாவரைக்கும் மெஷின், ஒருநாளும் போர்த்தாத புலிப்படக் கம்பளி, சாயாக் கோப்பைகள், எரியாத சரவிளக்கு. ஒவ்வொன்றும் அவர் வராத ஏதோ ஒரு கிறிஸ்மஸுக்கு, அவருக்குப் பதிலாக வந்தது. அவர் மேல் கோபம் வந்தால் ஃப்ரிட்ஜைத் திட்டுவாள். ஃப்ரிட்ஜும் உறுமிவிட்டு அடங்கிப்போகும். அத்தனையையும் கொடுத்துவிட்டால் இந்த மனிதரோடு என்ன பேசுவது என்பதுதான் அவளுக்குக் கவலை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. "உங்க இஷ்டம்" என்றாள்.

ஆடியில் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த வாழைக்குலை, சேவல், சக்கைப்பழம் எல்லாவற்றையும் கோவில் முற்றத்தில் ஏலம் விடுவது வழக்கம். அந்த வருஷம் தேவகுமார் வீட்டுச் சாமான் முழுவதும் சேவலுக்கும் சக்கைக்கும் நடுவே வந்து நின்றது. ஏலம் விடும் ஜெபகனி மேசை மேல் ஏறிக் குரலைக் கனைத்தார். மெஷின் போயிற்று. கம்பளி போயிற்று. ஃப்ரிட்ஜை நாலுபேர் சுமந்து போகும்போது லீலாபாய் பக்கத்தில் போய், "இனி யாரு ஏசினாலும் பொறுத்துக்க" என்றாள்.

கடைசியில் ஜெபகனி கடிகாரத்தைத் தூக்கினார். "சவூதிச் சரக்கு! நேரம் கொஞ்சம் பிந்தி ஓடும், வேலைக்குப் பிந்திப் போறவங்களுக்குச் சௌகரியம்!"

ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. லீலாபாய் கேட்டாள். ஜெபகனி, "ஒருதரம்" என்றார். எங்கே கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் லீலாபாய் கூட்டிக் கேட்டாள். "ரெண்டுதரம்" என்றதற்குள் இன்னும் கூட்டினாள்.

"எக்கா, உமக்கு எதிரா யாரு நிக்கா?"

"நீரு சும்மா விடும், நான் கேப்பேன்!"

தன் சாமானைத் தானே கேட்டு, தன்னையே தோற்கடித்து வாங்கிய ஏலம் அந்தச் சபை வரலாற்றில் அது ஒன்றுதான். கடிகாரத்தை மார்போடு அணைத்துக் கொண்டுபோய் அதே ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் கோழி ஒன்று வீட்டுக்கு அடியில் புகுந்து மறுபக்கமாக வெளியே வந்தது. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பூனைகளும் போய்வந்தன. ஜெஸ்பின் குனிந்து பார்த்தாள். வீட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் அந்தப் பக்கத்து வயல் பச்சையாகத் தெரிந்தது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்று இறங்கும்போது காற்றாலையின் இறக்கையே நிலைகொள்ளாது. சாமான் இருக்கும்வரை வீடு கனத்துக் கிடந்தது. காலியானதும் எழும்பிவிட்டது.

பக்கத்து வயல்காரர் நாராயணபெருமாள் வந்து, சுற்றிப் பார்த்து, ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டித் தென்னையில் முடிந்தார். "பசு கட்டுத கயிறுதான். பசுவைவிட வீடு சாது. ஆனா உள்ள இன்னும் ஏதோ ஒண்ணு கெடந்து பிடிச்சு வச்சிருக்கு தேவகுமாரே. அதை எடுத்தா கயிறு நிக்காது."

அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். லீலாபாய் உயர்ந்துவிட்ட படியில் காலை வைத்து ஏறி உள்ளே போனாள்.

காலி அறை தொட்டில் போல மெல்ல ஆடியது. ஜன்னலில் மலை வந்தது, போயிற்று. தாமரைக்குளம் வந்தது, போயிற்று. கடிகாரம் மட்டும் டிக் டிக் என்று, எங்கோ மணலில் ஒருவர் எழும்பிப் பல் தேய்க்கும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு இறங்க மனமில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன? அவர் போகட்டும். போன் இருக்கிறது. இத்தனை காலம் அப்படித்தானே இருந்தது?

வெளியே ஜெஸ்பின், "அம்மா, எறங்குங்கம்மா!" என்று கூப்பிட்டாள். தேவகுமார் கூப்பிடவில்லை. தென்னைமூட்டில் நின்றபடி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

லீலாபாயின் கையில் மணி அடித்தது.

"லீலா."

"ம்."

"நீ சாப்பிட்டியா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். இத்தனை வருஷமும் அந்தக் கேள்வி இங்கிருந்து அங்கே போனதுதான், அங்கிருந்து இங்கே வந்ததில்லை.

"இல்ல" என்றாள். சொன்ன பிறகுதான் பசித்தது.

"புட்டும் பயறும் வேன்ல இருக்கு. ஆறிப்போவும், வா."

லீலாபாய் ஆணியிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினாள். தேவகுமார் கைநீட்ட, அவர் தோளைப் பிடித்து இறங்கினாள். கடைசிக் கால் படியை விட்டதும் தென்னை ஒருமுறை குனிந்தது, கயிறு அறுந்தது, வீடு சத்தமில்லாமல் எழும்பிற்று. கதவு ஒருதரம் திறந்து மூடியது, சொல்லிக்கொண்டு போவது போல. நாராயணபெருமாள் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பது. வீடு அதற்கு எதிராக மேற்கே போயிற்று. சுசீந்திரம் வயலில் களை பறித்தவர்கள் நிழல் கடந்ததைப் பார்த்தார்கள். முட்டத்தில் வலை உலர்த்தியவர்கள், அது கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு கடலுக்கு மேல் நிதானமாகப் போனதாகச் சொன்னார்கள். கல்ஃபுக்குப் போகிறவன் காற்றையா பார்க்கிறான்?

வேன் வடக்கே போயிற்று. லேப்டாப்போடு ஜெஸ்பினும் போனாள், பூனைகளும் போயின. முப்பந்தல் தாண்டியதும் லீலாபாய் தலைக்கு மேல் ஓர் ஆணி அடித்துக் கடிகாரத்தை மாட்டினாள். ஓட்டிக்கொண்டே தேவகுமார் அதைப் பார்த்தார்.

"ஏட்டி, நான் இங்கதான இருக்கேன். இனி யாருக்கு அந்த நேரம்? மாத்தி வையி."

"வேண்டாம்" என்றாள் லீலாபாய், அவருக்கு ஒரு வாய் புட்டை ஊட்டிக்கொண்டே. "வீடு அங்கதான போயிருக்கு."