சபைக்கு ஒரு சிகரெட்

என் கொழுந்தன் தனபாலனுக்கு மூளை இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மகளைப் பெண் பார்க்க வருகிற அன்று அவன் போட்ட திட்டத்தைக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவுக்கு ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை. மீசை முளைத்த நாளிலிருந்து குடித்த சிகரெட்டை எழுபத்து மூன்றாம் வருஷத் தீபாவளி வியாபாரத்தின்போதுதான் விட்டார். விட்டார் என்ன, நான் விடவைத்தேன். கடை மாடிக்கு ஏறினவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார், உதடெல்லாம் நீலம்.

"டி.பி. இல்லேம்மா," என்றார் டாக்டர். "சிகரெட் நுரையீரலை அரிச்சிருக்கு. போனது திரும்பாது. இனிமே ஒண்ணுகூடத் தொடலேன்னா மிச்சத்தை வெச்சு ஓட்டலாம்."

ஊர் வாய்க்கு இதெல்லாம் தெரியுமா? இருமினால் டி.பி., அவ்வளவுதான். அந்த வீட்டில் எவன் பெண் எடுப்பான்? எங்கள் முத்துலட்சுமிக்கு வந்த முதல் இடம், இவர் இருமியதைக் கேட்டு வெற்றிலையைக்கூடத் தொடாமல் எழுந்து போனது. இப்போது வருகிறவர்களுக்கு மயிலாப்பூரில் பாத்திரக்கடை. இவர்களும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான்.

"டி.பி.க்காரன் எவனாச்சும் சிகரெட் குடிப்பானா மைனி?" என்றான் தனபாலன். "அண்ணன் சபையில ஒண்ணு பத்த வைக்கட்டும். இருமினாலும், சிகரெட்டு இருமல்தான்னு விட்டுருவாங்க."

"நீ நாசமாப் போ," என்றேன். இவரோ தம்பி பேச்சுக்குத் தலையை ஆட்டினார்.

வந்தவர்களுக்கு வைக்கிற வெற்றிலைத் தட்டில் சிகரெட்டும் வைப்பது எங்களில் மரியாதை. நான் எடுத்து ஒளித்ததைத் தனபாலன் தேடி எடுத்துத் தட்டில் வைத்திருந்தான். மாப்பிள்ளையின் அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டை இவர் பக்கம் தள்ளினார். இவரும் எடுத்து வாயில் வைத்தார். தனபாலன் தீக்குச்சியை உரசினான்.

ஆண்கள் சபைக்கு நடுவே பெண்பிள்ளை போகக் கூடாதாம். போனேன். இவர் வாயிலிருந்ததைப் பிடுங்கி ஒடித்துப் போட்டேன்.

"இதைக் குடிச்சுத்தான் இந்த மனுசன் நெஞ்சு பாழாப் போச்சு அண்ணாச்சி. டி.பி. இல்ல. அது இல்லன்னு உங்களுக்குக் காட்டுததுக்கு மறுபடி இதையே குடிக்கப் போறாரு. இப்படி ஒரு கூத்து எங்கயாவது உண்டா?"

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "நெஞ்சுச் சீக்குன்னா எல்லாம் ஒண்ணுதான். பொம்பள சபையில வந்து கத்துத வீட்டுல எங்களுக்குச் சம்பந்தமும் வேண்டாம்."

"இருங்க அண்ணாச்சி, இந்தா குடிக்கேன், பாருங்க," என்று இவர் இன்னொன்றை எடுத்தார். பிள்ளைக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவேன்!

உள்ளறையிலிருந்து முத்துலட்சுமி வந்தாள், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக. அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வேற பாத்துக்கிடலாம்பா. அப்பா வேற பாக்க முடியுமா?"

அவர்கள் போனார்கள். போகட்டுமே! "இன்னாக்கா, மாப்ள வூட்டுக்காரங்க ஒண்ணும் துன்னலியா?" என்று வந்தாள் பக்கத்து வீட்டு சகினா. அவளும் நாங்களுமாகக் கேசரியைத் தின்று தீர்த்தோம். தனபாலனுக்கு ஒரு கரண்டிகூடக் கொடுக்கவில்லை. இவர் என்னோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பேசாவிட்டால் போகிறது, மூச்சாவது மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் கே.கே. நகரிலிருந்து இன்னொரு இடம் வந்தது. டாக்சியிலிருந்து இறங்கினவர்களை நான் வாங்க என்று கூப்பிடுவதற்குள் இவர் வாசலுக்கு வந்து கையைக் கூப்பினார்.

"உள்ள வரதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிப்போடுதேன். எனக்கு நெஞ்சுல நோய் இருக்கு..." மூச்சு அடைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டார். "டி.பி. இல்ல. சிகரெட்டு குடிச்சுக் குடிச்சு..." மறுபடியும் அடைத்தது.

மிச்சத்தைச் சொல்லத் தனபாலன் முன்னால் வந்தான். முழங்கையால் அவனை ஓரமாகத் தள்ளினேன். இவர் சொல்லி முடிக்கிறவரை வந்தவர்கள் வெயிலில் நிற்கட்டும்.