பீரோவுக்குள் ஐந்து மைக்ராஸ்கோப்

எங்கள் பள்ளிக்குக் கல்வி அறக்கட்டளை ஐந்து மைக்ராஸ்கோப் கொடுத்தது. நன்கொடை வந்தால் பிள்ளைகளின் அறிவு வளரும் என்றார்கள். முதலில் வளர்ந்தது தலைமையாசிரியரின் பீரோதான். பழையதில் இடம் போதாமல் புதிதாக ஒன்று வாங்கி, ஐந்தையும் உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அறிவியல் டீச்சர். அறக்கட்டளையிடம் கேட்டு வாங்கியவளும் நான்தான். வாரா வாரம் போய் அவர் முன்னால் நிற்பேன்.

"சார், எட்டாம் வகுப்புக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்களேன்."

"அத்தனை பேர் பாத்தா லென்ஸ் தேஞ்சு போயிடும்மா. உடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

கண் வைத்துப் பார்த்தால் லென்ஸ் தேயும் என்று கண்டுபிடித்த மேதையிடம் என்ன வாதாடுவது? வகுப்புக்குத் திரும்பி அமீபாவைக் கரும்பலகையில் வரைவேன். தொண்டை வற்ற விளக்குவேன். எட்டோடு எங்கள் பள்ளி முடிந்துவிடும். அதற்குள் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஒரு நாள் அறக்கட்டளை அதிகாரி பார்வையிட வந்தார். பீரோ திறந்தது. தலைமையாசிரியர் அறை மேஜைமேல் ஐந்தும் பிளாஸ்டிக் உறையோடு பெண் பார்க்க வந்த இடத்துப் பெண் மாதிரி அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தன.

"பிள்ளைங்க தினமும் பாக்குறாங்க சார்," என்றார் தலைமையாசிரியர், கொஞ்சமும் கூசாமல்.

யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றார் அதிகாரி. என் எட்டாம் வகுப்பு வாயாடியை அழைத்து வந்தேன்.

"அமீபா எப்படிம்மா இருக்கும்?"

அவள் கடகடவென்று ஒப்பித்தாள். உட்கரு, போலிக்கால், ஒன்றையும் விடவில்லை. அதிகாரி பூரித்துப் போனார்.

"எங்க நன்கொடை எப்படி வேலை செய்யுது பாத்தீங்களா! அடுத்த வருஷம் இன்னும் பத்து தர்றோம்."

தலைமையாசிரியரின் கண்ணில் இன்னொரு பீரோ தெரிந்தது. இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்ததற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இருவரும் டீ குடிக்கப் பக்கத்து அறைக்குப் போனார்கள். வாயாடி ஒரு உறையை மெல்லத் தூக்கிக் கண்ணை வைத்தாள்.

"டீச்சர், ஒரே இருட்டு. நான் சொன்னது எதுவுமே இதுல இல்ல."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. லென்ஸ் மூடியைக் கழற்றினேன். வெளிச்சம் விழ அடியிலிருந்த கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். மேஜையில் ஒரு பூஜாடி. யாராவது வந்தால் பூவை மாற்றுவார்கள், தண்ணீரை மாற்றும் வழக்கம் கிடையாது. அதில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விட்டு லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

"ஐயோ டீச்சர், நீந்துது!"

அவள் போட்ட கூச்சலில் வகுப்பே ஓடி வந்தது. வரிசையில் நிற்கச் சொன்னேன்.

"யாரு தொடச் சொன்னது? கையை எடு!" என்று தலைமையாசிரியர் பாய்ந்து வந்தார். பின்னாலேயே டீ கப்போடு அதிகாரி.

"தினமும் பாக்குறாங்கன்னு சொன்னீங்களே?"

தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்த சாவியைத் தடவினார். ஐந்தையும் அதிகாரி திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தேன். அதிகாரி கப்பைக் கீழே வைத்தார்.

"ஊரெல்லாம் குடுத்திருக்கோம்மா," என்றார் வாயாடியிடம், குரலைத் தாழ்த்தி. "நான் ஒரு தடவைகூட இதுக்குள்ள பாத்ததில்ல. கொஞ்சம் நகரு, பாப்போம்."

வாயாடி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"வரிசையில வாங்க சார்."